தபால் பெட்டியின் சாவி

பூட்டுக்காரர் எந்தக் கதவைப் பூட்டினாலும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். முதல் இழுப்பு பூட்டுக்காக, இரண்டாவது கதவுக்காக, மூன்றாவது தம் மனத்துக்காக. இருபத்தேழு ஆண்டுகளாக ஒரே கடை, ஒரே பழக்கம். கடையை அடைத்தாலும், மூன்றாம் மாடியில் இருந்த வீட்டை அடைத்தாலும், கட்டடத்தின் கீழ்த்தளச் சுவரில் வரிசையாகப் பதித்திருந்த தபால் பெட்டிகளில் தங்கள் பெட்டியை அடைத்தாலும், மூன்று முறை இழுக்காமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். தெருவில் அவருக்கு ‘மூணு தடவை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. “என்ன மூணு தடவை, கடையைத் தொறந்தாச்சா?” என்று எதிர்வரிசைத் தேநீர்க் கடைக்காரர் தினமும் கேட்பார். “ஒரு தடவைதான் தொறந்தேன்” என்று இவரும் தினமும் பதில் சொல்வார். கேட்டவருக்கும் அலுத்ததில்லை, சொன்னவருக்கும் அலுத்ததில்லை.

தொழிலில் அவருக்கு ஒரு விதி உண்டு. உரியவர் பக்கத்தில் நிற்காமல் எந்தப் பூட்டிலும் கை வைக்கமாட்டார். “அடுத்தவங்க பொருளைத் தொறக்கிற கை திருட்டுக் கை” என்பார். அடுத்தவர் பொருளைப் பூட்டி வைக்கிற கைக்கு என்ன பெயர் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அவர் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையிலேயே அவளுடைய இயந்திரம் இருந்தது. கழுத்தில் அளவு நாடா, உதட்டோரம் ஒரு குண்டூசி, வாய் நிறையக் கேலி. இவை மூன்றும் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய இடது மார்பில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. வெட்டி எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், கதிர் பாய்ச்சினார்கள். முடி கொட்டிற்று, பிறகு முன்னிலும் சுருளாக முளைத்தது. நோய் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லி ஓராண்டு ஆகியிருந்தது. ஆனாலும் இடது கையில் நீர் கோத்து வீக்கம் காணலாம், கவனமாக இருக்க வேண்டும் என்று தாதி எச்சரித்திருந்ததால், காலையில் எழுந்ததும் அவள் செய்யும் முதல் வேலை, நாடாவை அந்தக் கையைச் சுற்றிப் பிடித்து அளப்பதுதான்.

“பத்தேகால்” என்பாள். “நேத்தும் பத்தேகால். துணி சுருங்கவும் இல்ல, நீளவும் இல்ல.”

அதைக் கேட்ட பிறகுதான் பூட்டுக்காரருக்குத் தேநீர் தொண்டையில் இறங்கும்.

மருந்து ஏற்றிய மாதங்களில் கட்டிலின் எதிர்ச் சுவரில் அவள் ஒரு படத்தை ஒட்டி வைத்திருந்தாள். ஏதோ பழைய பத்திரிகையிலிருந்து கிழித்தது. தொலைவில், கடலோர நகரமொன்றில் இருக்கும் பழைய நாடக அரங்கின் உட்கூரை. நீல வானம், அதில் நூறு வெண்பறவைகள், ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல், ஒரே திசையில் பறந்துகொண்டிருந்தன. பத்திரிகையின் நடுமடிப்போடு படம் முடிந்தது. அடுத்த பக்கத்தை யாரோ முன்னமே கிழித்திருந்தார்கள். வாந்தியெடுத்துக் களைத்த ஒரு பிற்பகலில் அவள் சொன்னாள்: “இந்தக் கூரையோட மறுபாதியைப் பாக்காம நான் போகமாட்டேங்க. எமன் வந்தாலும் ரயில் டிக்கெட்டைக் காட்டிட்டு அனுப்பிடுவேன்.”

அந்தப் பயணத்துக்குத்தான் இப்போது நாள் குறித்திருந்தார்கள். புதன்கிழமை காலை ரயில். ஏழு நாள் உலா. புறப்படுவதற்கு முன் வழக்கமான ஆண்டுப் பரிசோதனைக்கும் போய் வந்தாயிற்று. “ஏதாவது இருந்தா பதினஞ்சு நாளைக்குள்ள லெட்டர் வரும். வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்குங்க” என்று தாதி சொல்லி அனுப்பினாள். அன்றுமுதல் மனைவி நாட்களை எண்ணத் தொடங்கினாள். பூட்டுக்காரரோ தபால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பாம்புப் புற்றில் கை விடுகிறவர்போல் விட்டார். அந்தப் பெட்டிக்கு இருந்தது ஒரே சாவி. அது அவருடைய கொத்தில் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, புறப்பாட்டுக்கு முந்தைய நாள், பெட்டிக்குள் ஒரு விளம்பரத் தாள் கிடந்தது. அதன் அடியில் நீல முத்திரை குத்திய நீள உறை. மேலே அவள் பெயர்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாள் தடிமனாக இருந்தது. மாடியிலிருந்து தையல் இயந்திரத்தின் ஓட்டம் கேட்டது. பயணத்துக்கென்று தனக்கே ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பிரிக்க அவருக்கு உரிமையில்லை. அது அவருடைய விதி. கொடுக்கவோ மனமில்லை. கொடுத்தால் பெட்டி படுக்கை அவிழும், சட்டை பாதியில் நிற்கும், கூரையின் மறுபாதி இன்னொரு முறை கிழிந்துபோகும். ஒருவேளை என்றைக்குமாக. ‘ஊருக்குப் போய் வந்ததும் கொடுத்துவிடலாம். ஏழு நாள்தானே, ஏழு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். உலகத்துக் கேடுகளில் பாதி இந்தக் கேள்வியின் தோளில் ஏறித்தான் ஊருக்குள் வருகின்றன.

உறையைக் கோட்டின் உட்பையில் வைத்தார். பெட்டியைப் பூட்டினார். மூன்று முறை இழுத்தார். மனம் அமையவில்லை. வாழ்க்கையிலேயே முதன்முறையாக நான்காவது முறையும் இழுத்தார்.

“தபால் ஏதாவது?” என்றாள் மனைவி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணுமில்ல.”

“விளம்பரம்கூடவா இல்ல?”

“அது இருந்துச்சு.”

“அப்ப ஒண்ணுமில்லைன்னு சொல்லாதீங்க. ஒண்ணு இருந்துச்சு.” அவள் சிரித்தாள். “இன்னும் மூணு நாள். அப்புறம் நான் விடுதலை.”

ரயில் புறப்பட்டது. ஜன்னலோர இருக்கைக்காக ஒவ்வொரு பயணத்திலும் அவளோடு மல்லுக்கு நிற்கும் மனிதர், தாமாகவே அதை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். பையைத் தூக்கவிடவில்லை. நிலையந்தோறும் இறங்கி ஓடித் தண்ணீர் பிடித்துவந்தார். வெயில் ஏறிப் பெட்டி அடுப்பாகக் காய்ந்தபோதும் கோட்டை மட்டும் கழற்றவில்லை.

“கோட்டைக் கழட்டுங்களேன். வெந்து போயிடுவீங்க.”

“காத்து படுது. ஜலதோஷம் வந்துரும்.”

“வேர்வை ஆறா ஓடுது, ஜலதோஷமாம்! என்னங்க ஆச்சு உங்களுக்கு, புது மாப்பிள்ளை கணக்கா நெளியறீங்க?”

அவர் சிரிக்க முயன்றார். மூச்சு விடும்போதெல்லாம் உறையின் விளிம்பு நெஞ்சில் குத்தியது.

எலி ஒன்றின் கதை உண்டு. தன் வளைக்குள் ஒருநாள் பாம்பு உரித்துப் போட்ட சட்டையை அது கண்டது. துணை பார்த்தால் நடுங்கிப் போய்விடுமே என்று அந்தச் சட்டையைத் தானியக் குவியலுக்கு அடியில் புதைத்து, மேலே தானே ஏறி உட்கார்ந்துகொண்டது. “ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய்?” என்று துணை கேட்டபோதெல்லாம், “இங்கேதான் கதகதப்பாக இருக்கிறது” என்றது. பாம்பு எந்தப் பக்கம் போயிற்று என்று இருவருமாகத் தேட வேண்டிய நேரமெல்லாம், அதன் சட்டைக்குக் காவல் இருப்பதிலேயே கழிந்தது. பூட்டுக்காரர் அந்த எலியைப்போலத்தான் ஒன்றரை நாள் கோட்டுக்குக் காவல் இருந்தார்.

வியாழக்கிழமை மாலை கடலோர நகரத்தை அடைந்தார்கள். விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரோடு சேர்த்த மர அலமாரி ஒன்று. மறுநாள் காலை அருங்காட்சியகம். அங்கே பழங்காலப் பூட்டுகளுக்கென்றே ஓர் அறை இருந்தது. மற்ற நேரமாக இருந்தால் அவரை அங்கிருந்து கயிறு கட்டித்தான் இழுத்துவந்திருக்க வேண்டும்.

“உங்க சொந்தக்காரங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஒரு வணக்கம் போடுங்க” என்றாள் அவள்.

அறையின் நடுவில் ஓர் இரும்புப் பெட்டகம் கிடந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘இதன் சாவி கிடைக்கவில்லை. உள்ளே இருப்பது என்னவென்று எவருக்கும் தெரியாது.’ பூட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது எங்கோ சுவர்க் கடிகாரம் ஒன்று பத்து முறை அடித்தது. அந்த உயர்ந்த அறையில் ஒவ்வோர் அடியும் கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

அவள் விரல்விட்டு எண்ணினாள். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. பதினஞ்சாவது நாள்! ஏங்க, பதினஞ்சு முடிஞ்சுதுங்க! லெட்டர் வரலை!”

“வீட்டுலதான் நாம இல்லையே” என்று அவர் முனகினார்.

“நாம கிளம்புற வரைக்கும் வரலையே. அதுக்கப்புறம் ரெண்டு நாள்ல என்ன வந்துரப் போகுது? சும்மா இருங்க, வாய் முகூர்த்தம் பலிச்சுரும்.” அங்கேயே, பெட்டகத்தின் பக்கத்தில் நின்றபடி, அவள் தன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தாள். “அக்கா, ஒண்ணும் இல்லையாம்! ஆமா, முடிஞ்சுருச்சு! அழாதக்கா… நீ அழுதா நானும் அழுவேன், இங்க காவல்காரர் முறைக்கிறாரு.” பேசி முடித்ததும் கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டிக் கைப்பையின் அடியில் போட்டாள். “இனிமே இது துணிக்கு மட்டும்தான். என் கையை நான் அளக்கப் போறதில்லை.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார்கூட. ஆனால் அவள் முகத்தில், இரண்டு ஆண்டுகளாக இல்லாத ஓர் ஒளி இருந்தது. அதை அணைக்கும் தைரியம் அவருக்கு இல்லை. கருணை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். தூங்கும்போது கோட்டை எங்கே வைப்பது என்ற கவலை அன்றிரவு அவரைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் அதை அலமாரியில் தொங்கவிட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவளுடைய சால்வையும் உள்ளே இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நாடக அரங்கைச் சுற்றிப் பார்க்க அனுமதித்தார்கள். மாலை நாடகத்துக்கும் அவர்கள் இடம் பிடித்திருந்தார்கள். உள்ளே குகை இருட்டு. விளக்குகளைக் கவனிக்கும் அம்மாள் ஒருவர், மேடையோரம் நின்று, “தலையை நல்லாச் சாய்ச்சுக்குங்க. ஒவ்வொரு பக்கமாப் போடுறேன்” என்றார்.

இடப்பக்க விளக்குகள் எரிந்தன. நீல வானம் விரிந்தது. நூறு வெண்பறவைகள். சுவரில் ஒட்டியிருந்த அதே பறவைகள், ஆனால் ஒவ்வொன்றும் ஆள் உயரம். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “அதோ, கழுத்தைத் திருப்பிப் பாக்குதே, அதுகூடத்தான் நான் ராத்திரியெல்லாம் பேசிக்கிட்டிருப்பேன்.”

வலப்பக்க விளக்குகள் எரிந்தன.

அங்கே ஒரு பருந்து இருந்தது. கூரையின் மறுபாதி முழுவதும் அதன் சிறகுகள்தாம். நகங்கள் முன்னோக்கி நீண்டிருந்தன. கடைசிப் பறவையின் வாலுக்கும் முதல் நகத்துக்கும் இடையில் ஒரு சாண் வானம்தான் மிச்சம்.

அவள் பருந்திலிருந்து பறவைகளுக்கும் பறவைகளிலிருந்து பருந்துக்கும் பார்வையை ஓட்டினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: “அதான் அவ்வளவு வேகமாப் பறக்குதுங்களா? நான் சந்தோஷத்துல பறக்குதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“வா, போயிடலாம்” என்றார் அவர். உதடு வெளிறியிருந்தது.

“ஏன்? பயந்துட்டீங்களா? நல்லாப் பாருங்க. இப்பத்தானே படம் முழுசாச்சு.”

அவர் பார்க்கவில்லை. பார்க்காமலே, அந்த நிழல் தம் தலையின் மேல் விழுந்து கிடப்பதை உணர்ந்தார்.

பிற்பகலில் அறைக்குத் திரும்பினார்கள். வெளியே மேகம் இறங்கிக் கடற்காற்று குளிர்ந்திருந்தது. நாடகத்துக்குப் போகச் சால்வை வேண்டும் என்றாள். “நான் எடுத்துத் தரேன்” என்று அவர் அவளை முந்திக்கொண்டு அலமாரிக்குப் போனார். அவசரத்தில் சாவியைத் தப்பான பக்கம் திருகினார். பழைய சாவி, ‘டக்’ என்று ஒடிந்தது. தலை அவர் கையில், வால் பூட்டுக்குள்.

விடுதி மேலாளர் வந்து பார்த்தார். “தச்சரைக் கூப்பிட்டுப் பலகையை உடைக்கச் சொல்லவா?” என்று கேட்டார்.

“எதுக்கு உடைக்கணும்? இவரு கையில ஒரு கொண்டை ஊசியைக் குடுத்தாப் போதும், ராஜா வீட்டுக் கஜானாவையே தொறந்துருவாரு” என்று மனைவி மேலாளரை அனுப்பிவைத்தாள். தன் தையல் பெட்டியிலிருந்து ஒரு நீள ஊசியை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள்.

அவர் ஊசியை வாங்கினார். மண்டியிட்டார். பிள்ளை விளையாட்டுப் பூட்டு. அரை நிமிட வேலை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. ஊசி துளைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

“என்னங்க, பூட்டு உங்களுக்கு ஒண்ணுவிட்ட உறவா? தொட்டா வலிக்கும்னு பாக்கிறீங்களா?”

அவர் ஊசியை உருவித் துடைத்து மறுபடி நுழைத்தார்.

“இருட்டிடும்ங்க. நாடகம் தொடங்கிடும்.”

அப்போதுதான் அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டில், தெருவில், மருத்துவமனையில், எத்தனையோ முகங்களை அவரிடம் பார்த்தவள். இது இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவரின் அறையில் பார்த்த முகம்.

“உள்ள என்ன இருக்கு?” என்றாள். குரலில் கேலி இல்லை.

அவர் ஊசியைத் தரையில் வைத்தார். “உனக்கு வந்த லெட்டர்.”

“எப்ப வந்துச்சு?”

“செவ்வாய்க்கிழமை.”

“பிரிச்சீங்களா?”

“இல்ல. அது உன்னோடது.”

“என்னோடதுன்னு தெரிஞ்சுதான் உள்ள வெச்சுப் பூட்டினீங்களா?” ஊசியை எடுத்து மறுபடி அவரிடம் நீட்டினாள். “தொறங்க.”

“நீ அந்தக் கூரையைப் பாத்துடணும்னுதான்…”

“தொறங்கன்னு சொன்னேன். உரியவ பக்கத்துலதான் நிக்கிறேன்.”

பூட்டு உடனே திறந்துகொண்டது.

அவள் ஜன்னலருகே போய் உறையைக் கிழித்தாள். படித்தாள். மீண்டும் படித்தாள். பிறகு சத்தமாக, ஒரு வாடிக்கையாளரின் அளவைச் சொல்வதுபோல் வாசித்தாள்: “படத்துல ஒரு நிழல் தெரியுது. ஊசியால சதை எடுத்துப் பாக்கணும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரணும். வர முடியலைன்னா முன்னாடியே சொல்லணும்.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கடிகாரத்தின் பத்து அடிகளும் பூட்டுக்காரரின் காதில் மறுபடி விழுந்தன.

அவர் தொலைபேசியை எடுத்து மருத்துவமனையை அழைத்தார். சனிக்கிழமைப் பிற்பகல். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எவரும் எடுக்கவில்லை. மூன்று முறை அழைத்தார்.

“விடுங்க” என்றாள். “நேத்து அந்த நேரத்துல நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா? அக்காகிட்ட ஒண்ணும் இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க.”

“உனக்கு நாலு நாள் சந்தோஷமாவது கிடைக்கட்டும்னு நெனச்சேன்.”

“சந்தோஷமா? பருந்தை வெட்டி வெச்சுக்கிட்டு, பறவையை மட்டும் குடுத்தீங்க. அந்தப் பத்திரிகையைக் கிழிச்சவனாவது யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும்னு நெனச்சேன்.” சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். “தெரிஞ்சிருந்தாலும் நான் இந்தக் கூரையைப் பாக்க வந்திருப்பேனோ என்னவோ. ஒரு வாரம் தள்ளிக் கேட்டிருப்பேன். இல்ல, வந்திருக்கவே மாட்டேன். அதை நான்ல முடிவு பண்ணணும்? என் உடம்புங்க அது.”

இரண்டு நுழைவுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவள் தனியாகவே நாடகத்துக்குப் போனாள். அவர் பின்னாலேயே போய், அரங்கின் வெளிப்படியில் உட்கார்ந்தார். உள்ளிருந்து ஒருமுறை கூட்டம் சிரிக்கும் ஒலி கேட்டது. அதில் அவள் சிரிப்பு இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், பிரித்தறிய முடியவில்லை. வெளியே வந்தவள், “பக்கத்து இருக்கையில பையை வெச்சுக்கிட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை ரயிலுக்கே திரும்பினார்கள். ஜன்னலோர இருக்கையை அவள் அவரிடமே விட்டுவிட்டாள். அந்த மரியாதை அவரைச் சுட்டது. வழியில் ஓரிடத்தில் அவள் கைப்பையின் அடியிலிருந்து அளவு நாடாவை எடுத்து இடது கையைச் சுற்றிப் பிடித்தாள். எண்ணைச் சொல்லவில்லை. அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“பத்தேமுக்கால்.”

அரை அங்குலம். ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. கண்ணாடியில் இரண்டு முகங்களும் தெரிந்தன. நடுவில் வெறும் இருள் ஓடிக்கொண்டிருந்தது.

“மூட்டை தூக்கினதாலகூட இருக்கலாம்” என்றார்.

“நீங்கதான் தூக்கவே விடலையே.” நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால ரெண்டாந்தடவை முடியாது” என்றாள்.

சொன்னார். அடுத்த நிலையத்தில், நடைமேடையில் நின்றுகொண்டு, எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். அக்கா பேசியது இரண்டு பெட்டி தள்ளி இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். “உங்க கையில பூட்டு சாவியைத்தான் குடுத்தாங்கன்னு நெனச்சேன், என் தங்கச்சி உயிரையுமா குடுத்தாங்க? அவ என்ன கைக்குழந்தையா, கசப்பை மறைச்சு ஊட்ட? மூணு தடவை, மூணு தடவைன்னு ஊரே சொல்லுதே, ஒரே ஒரு தடவை யோசிச்சீங்களா?” “யோசிக்கலைங்க” என்றார் அவர், அக்கா மூச்சு வாங்கியபோது.

செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனை முகப்பில் நின்றார்கள். கண்ணாடிக்கு அப்பால் இருந்த எழுத்தர் பெண் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “வெள்ளிக்கிழமை வராம விட்டுட்டீங்களேம்மா. சொல்லக்கூட இல்ல. இனி அஞ்சு வாரம் ஆகும். உடம்பு விஷயத்துல இப்படியா அசட்டையா இருப்பாங்க?”

மனைவி வாயைத் திறக்குமுன் பூட்டுக்காரர் முன்னே வந்தார். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னார்: “அவங்க மேல தப்பில்லைம்மா. லெட்டரை நான் எடுத்து மறைச்சு வெச்சுட்டேன். அவங்களுக்குத் தெரியாது. அதை அந்த ஏட்டுல எழுதிக்குங்க.”

எழுத்தர் நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதெல்லாம் எழுதுறதுக்கு இடம் இல்லை ஐயா” என்றாள், குரலைத் தணித்து. “யாராவது வராமப் போனா அந்த நேரத்தைக் குடுக்கலாம். ஆனா எப்ப, யாருன்னு சொல்ல முடியாது. இங்கேயே இருந்தாத்தான் உண்டு.”

“இருக்கேன்.”

கடைக் கதவில் ‘விடுமுறை’ என்று ஓர் அட்டை தொங்கிற்று. மருத்துவமனை நடையில், மருந்து நெடியும் ஈரத் துடைப்பத்தின் வாடையும் கலந்த இடத்தில், ஒரு நீள இருக்கை. திறக்கும் நேரத்துக்கு வந்து அடைக்கும் நேரத்துக்கு எழுந்துபோனார். அவர் அழைத்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடும்படி அவள் வீட்டில் தயாராக இருந்தாள். செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் அந்த வெள்ளைக் கதவுக்குள் போனார்கள். சிலர் போனபடியே வந்தார்கள், சிலர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு சாத்தும்போதும் அவர் கை தானாக அசைந்தது, இழுத்துப் பார்க்க. வியாழனும் போயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகல் எழுத்தர் பெண் கண்ணாடியைத் தட்டினாள். “ஐயா, மூணு மணிக்கு ஒருத்தர் வரலை. கூப்பிடுங்க.”

அவள் வந்தாள். உள்ளே போகுமுன் அவர் பக்கம் திரும்பினாள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். நாடகத்துக்குப் போன நாளிலிருந்து அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அரை மணியில் தோளோரம் ஒரு கட்டோடு திரும்பினாள். முடிவு கடிதமாக வரும், பத்து நாள் ஆகும் என்றார்கள்.

மறுநாள் காலையில் பூட்டுக்காரர் கடைக்குப் போய் உடனே திரும்பி வந்தார். தையல் இயந்திரத்தின் எதிரே நின்று, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். வளையம் துருவேறி இறுகியிருந்தது. நகம் பிளக்க அதை விரித்து, தபால் பெட்டியின் சாவியை மட்டும் கழற்றி, அவள் தைத்துக்கொண்டிருந்த துணியின் மேல் வைத்தார்.

“நகல் எடுத்து வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள். பூட்டுக்காரன் பெண்டாட்டி அல்லவா!

“இல்ல. கடையில இதோட அச்சு ஒண்ணு இருந்துச்சு. அதையும் அரத்தால தேச்சுட்டு வந்துட்டேன்.” பிறகு தலைகுனிந்தபடி சொன்னார்: “தப்பு என்னோடது. பயம் எனக்கு. உன் பேரைச் சொல்லி என் பயத்தைத்தான் பூட்டி வெச்சேன்.”

அவள் சாவியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். அளவு நாடாவின் நுனியில், ஓட்டையிட்ட தகட்டில், அதை முடிந்துகொண்டாள். “மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க” என்றாள். “இன்னும் அளந்து முடிக்கலை.”

அதன்பின் ஒவ்வொரு நாளும் பதினோரு மணிக்குத் தபால்காரரின் மணி கேட்டதும் அவள் கீழே இறங்குவாள். அவரும் கடையிலிருந்து வந்துவிடுவார். ஆனால் பெட்டிக்கு அருகே போகமாட்டார். மாடிப்படியின் மூன்றாவது படியிலேயே நின்றுகொள்வார். எட்டு நாள் விளம்பரத் தாள்கள்தாம் வந்தன. கையின் அளவு பத்தரை, பத்தேமுக்கால், பத்தரை என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் காலையில் சத்தமாகவே சொன்னாள்.

ஒன்பதாம் நாள் பெட்டியின் இடுக்கில் நீல முத்திரையின் ஓரம் தெரிந்தது. அவர் நின்ற இடத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

அவள் சாவியைப் போட்டுத் திறந்தாள். உறையை எடுத்தாள். அவசரப்படாமல் பெட்டியை மூடிப் பூட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு படியை நோக்கித் திரும்பினாள்.

“அங்கேயே நின்னா எழுத்து தெரியுமா? வாங்க.”

அவர் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவள் குண்டூசியால் உறையின் ஓரத்தைக் கிழிக்கும்வரை, கையை முன்னால் கொண்டுவரவில்லை.